இசியூ ட்யூன் போடறதுக்கு முன்னாடி வாரண்டி கணக்கு பாக்கறது எப்படி

போன வருஷம் என் சகலையோட வண்டிய சர்வீஸ் சென்டர்ல விடப் போனப்ப நானும் கூட போயிருந்தேன். டர்போ பெட்ரோல், டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக், 38 ஆயிரம் கி.மீ. ஓடினது, வாரண்டி இன்னும் ஒரு வருஷம் பாக்கி. ரெண்டாவது கியர்லேருந்து மூணாவதுக்கு மாறறப்ப ஆர்பிஎம் மட்டும் சர்ருன்னு ஏறுது, வண்டி இழுக்க மாட்டேங்குது. முந்தின நாள் ராத்திரி வரைக்கும் அதுல ஒரு ட்யூனிங் பாக்ஸ் இருந்துச்சு, அத கழட்டி பீரோல வச்சுட்டு வந்திருந்தார். அட்வைசர் பானெட்ட தொறந்து டார்ச் அடிச்சுப் பாத்தாரு. எஞ்சின் மேல பூரா புழுதி படிஞ்சு கெடக்கு, டர்போ தள்ற காத்தோட அழுத்தத்த (பூஸ்ட்) அளக்கற சென்சாரோட கனெக்டர் மட்டும் பளிச்னு இருக்கு, பக்கத்துல கம்பெனி போடாத கருப்பு கேபிள் டை ஒண்ணு. எதுவும் கேக்கல, போட்டோ எடுத்துக்கிட்டாரு. அப்பறம் ஸ்கேனர சொருகி எஞ்சின் டேட்டா, கியர்பாக்ஸ் டேட்டா ரெண்டையும் எடுத்து கம்பெனிக்கு அனுப்பினாங்க. நாலாவது நாள் கிளெய்ம் ரிஜெக்ட்னு மெயில் வந்துச்சு. எஸ்டிமேட் ரெண்டு லட்சத்துக்கு மேல.

அன்னிக்கு அந்த வீட்ல எல்லார் மொகத்தையும் பாத்ததுலேருந்து, ட்யூன் பத்தி யார் கேட்டாலும் நான் பவர்ல ஆரம்பிக்கறதில்ல, வாரண்டிலதான் ஆரம்பிக்கறேன். ட்யூன் போடறது தப்பில்ல, வாரண்டி முடிஞ்ச வண்டில நானே போட்டு ஓட்டறேன், நல்லாவே ஓடுது. ஆனா எந்த பார்ட் போனா யார் காசு போகும்னு மொதல்ல ஒரு பேப்பர்ல எழுதிப் பாத்துட்டு அப்பறம்தான் லேப்டாப்ப சொருகணும்.

மொதல்ல ட்யூன்னா என்னனு ஒரு நிமிஷம். இசியூங்கறது எஞ்சின கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர். அதுக்குள்ள எஞ்சினுக்கான அட்டவணைங்க இருக்கும், மேப்னு சொல்வாங்க. பெடல இவ்ளோ மிதிச்சா இவ்ளோ டார்க் (எஞ்சினோட திருகு விசை), அந்த டார்க்குக்கு இவ்ளோ பூஸ்ட், இவ்ளோ பெட்ரோல், ஸ்பார்க் இத்தனை டிகிரி முன்னாடின்னு எல்லாம் நம்பரா இருக்கும். கம்பெனி அந்த நம்பர கொஞ்சம் கம்மியா வச்சுத்தான் அனுப்பும். ஏன்னா ஒரே எஞ்சின் லடாக் குளிர்லயும் ஓடணும், மே மாச வேலூர் வெயில்ல ஏசி போட்டு டிராஃபிக்லயும் நிக்கணும், ஓனர் ஆயில் மாத்த மறந்தாலும் தாங்கணும், மோசமான பெட்ரோல் போட்டாலும் உடையக் கூடாது. அந்த மிச்சத்த எடுத்து பவரா மாத்தறதுதான் ட்யூன். கம்பெனி அத ஏமாத்தறதுக்காக ஒளிச்சு வைக்கல, வண்டியோட ரொம்ப மோசமான நாளுக்காக எடுத்து வச்சது. அந்த மிச்சத்த நம்பித்தான் வாரண்டியும் குடுக்கறாங்க.

டர்போ இல்லாத எஞ்சின்னா இத இங்கயே மூடிடலாம். சாதா 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக்ல ட்யூன் போட்டா கிடைக்கறது ஏதோ அஞ்சாறு பிஎஸ் (குதிரைசக்தி), அதுக்காக வாரண்டிய பணயம் வைக்க வேண்டாம், நல்ல டயர் போடுங்க. டர்போ டீசல், டர்போ பெட்ரோல்ல மட்டும்தான் உண்மையிலேயே வித்தியாசம் தெரியும், இருபதுலேருந்து முப்பது சதவீதம் வரைக்கும் ஏறும்.

இப்ப என்னென்ன வகை இருக்கு, ஒவ்வொண்ணும் வாரண்டிய எங்க கடிக்கும்னு பாப்போம்.

பெடல் பாக்ஸ்னு விக்கறது ட்யூனே இல்ல. ஆக்சிலேட்டர் பெடலுக்கும் அதோட வயருக்கும் நடுவுல சொருகற சின்ன டப்பா அது, நீங்க 30 சதவீதம் மிதிச்சா இசியூகிட்ட 50னு சொல்லும், அவ்ளோதான். பவர் ஒரு குதிரை கூட ஏறாது, வண்டி சுறுசுறுப்பான மாதிரி தோணும். எஞ்சினுக்கு இதனால கெடுதல் இல்ல, ஆனா பெடல் சென்சார், வயரிங் சம்பந்தமா ஏதாவது கம்ப்ளைண்ட் வந்தா டீலர் அந்த டப்பாவ காட்டி கைய விரிச்சுடலாம். பட்ஜெட் கம்மி, வாரண்டியும் முக்கியம்னா இதோட நிறுத்திக்கறது நல்லது.

அடுத்தது பிக்கிபேக், அதாவது ட்யூனிங் பாக்ஸ். நிறைய பேர் "கழட்டிட்டா தடமே இருக்காது"ன்னு நம்பி வாங்கறது இதத்தான், என் சகலையும் அப்படித்தான் வாங்கினார். இது எப்படி வேலை செய்யுதுன்னா சென்சாருக்கும் இசியூவுக்கும் நடுவுல உக்காந்து பொய் சொல்லும். டர்போல நெஜமா 1.0 பார் பூஸ்ட் இருக்கறப்ப இசியூகிட்ட 0.8தான் இருக்குன்னு காட்டும், இசியூ பத்தலன்னு நெனச்சு இன்னும் ஏத்தும், முடிவுல நெஜ பூஸ்ட் 1.2 ஆயிடும். டீசல்ல இதே வேலைய காமன் ரெயில் பிரஷர்ல, அதாவது இன்ஜெக்டருக்குப் போற டீசலோட அழுத்தத்துல பண்ணும். இங்க உள்ள ஆபத்து என்னன்னா இசியூ தன்னோட எல்லைக்குள்ள இருக்கறதா நெனச்சுக்கிட்டே எல்லைய தாண்டி ஓடுது, பாதுகாப்புக்குன்னு எழுதி வச்ச கணக்கெல்லாம் தப்பான நம்பர வச்சு நடக்குது. மென்பொருள்ல தடம் கம்மிதான், ஆனா கனெக்டர்ல, வயர்ல, தேஞ்ச பார்ட்ல தடம் இருக்கும். அப்பறம் சில ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டருங்க கிளட்ச் எத்தனை டிகிரி வரைக்கும் சூடாச்சு, எவ்ளோ நேரம் அந்த சூட்டுல இருந்துச்சுன்னு தனியா கணக்கு வச்சிருக்கும், பீரோல வச்ச பாக்ஸ் அத அழிக்காது.

மூணாவது ரீமேப். இசியூல இருக்கற ஃபைல படிச்சு, மேப்ப மாத்தி, திரும்ப எழுதறது. ஸ்டேஜ் 1னா பார்ட் எதையும் மாத்தாம ஃபைல் மட்டும். ஸ்டேஜ் 2னா டவுன்பைப், இன்டேக், இன்டர்கூலர்னு வன்பொருளும் சேரும், ஸ்டேஜ் 3னா டர்போவே மாறும். தொழில்நுட்பமா பாத்தா நல்ல ரீமேப் பிக்கிபேக்க விட பத்திரமானது, ஏன்னா இசியூவுக்கு உண்மை தெரியும், பூஸ்ட், ஸ்பார்க், பெட்ரோல், டார்க் லிமிட் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து மாறும், சூடு ஏறினா பவர குறைக்கற கணக்கும் அப்படியே இருக்கும். ஆனா வாரண்டி பக்கம் பாத்தா இதுதான் ரொம்ப சுலபமா மாட்டும். எஞ்சினுக்கு நல்லது எதுவோ அது கண்டுபிடிக்க ஈஸி, ஒளிக்க ஈஸியா இருக்கறது எஞ்சினுக்கு மோசம், இந்த முரண்பாட்ட மனசுல வச்சுக்கோங்க.

டீசல்காரங்க ஒரு விஷயம் தனியா கேளுங்க. 2020 ஏப்ரல்லேருந்து வர்ற பாரத் ஸ்டேஜ் 6 (புகை விதி) டீசல் வண்டிங்கள்ல சைலன்சர் லைன்ல புகைல இருக்கற கரிய புடிக்கற டிபிஎஃப் ஃபில்டர் இருக்கு. ஈஜிஆர்ங்கறது புகைல ஒரு பங்க திரும்ப எஞ்சினுக்குள்ள விடற வால்வு. ட்யூனர் "டிபிஎஃப் ஆஃப், ஈஜிஆர் ஆஃப் பண்ணித் தரேன், அடைப்பே வராது"ன்னு சொன்னா வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து வந்துடுங்க. எமிஷன் சாதனத்த எடுக்கறது சட்டப்படி தப்பு, வாரண்டில அந்த மொத்த சிஸ்டமும் போச்சு, பின்னாடி வர்றவங்க மூக்குல கரும்புகை, அது பள்ளிக்கூட பஸ்ஸா கூட இருக்கலாம்.

கம்பெனியே குடுக்கற ட்யூனும் உலகத்துல இருக்கு. வால்வோ வண்டிங்களுக்கு போல்ஸ்டார் சாஃப்ட்வேர் டீலர்கிட்டயே போட்டுக்க முடிஞ்சுது, வாரண்டி அப்படியே இருந்துச்சு. இங்கிலாந்துல ஃபோர்ட் ஃபியஸ்டா எஸ்டிக்கு மவுன்ட்யூன் கிட் 215 பிஎஸ் வரைக்கும் ஏத்தி, ஃபோர்ட் வாரண்டியோட டீலர்கிட்டயே வித்தாங்க. நம்ம ஊர்ல யாராவது "இது வாரண்டி சேஃப் ட்யூன்"னு சொன்னா ஒரே கேள்வி கேளுங்க, அந்த வாரண்டி யார் குடுக்கறது? கார் கம்பெனி லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்தா அது வாரண்டி. ட்யூனர் தன்னோட சாஃப்ட்வேருக்கு வாழ்நாள் வாரண்டின்னு சொன்னா அது ஃபைலுக்கு மட்டும்தான், உங்க பிஸ்டனுக்கு இல்ல.

கியர்பாக்ஸ் கணக்குதான் பாதி பேர் போடாம விடறது, அதனால இத கொஞ்சம் நிதானமா சொல்றேன். ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், டைகுன், ஸ்கோடா ஸ்லாவியா, குஷாக் நாலுலயும் ரெண்டு எஞ்சின் இருக்கு. 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) 115 பிஎஸ், 178 நியூட்டன் மீட்டர் டார்க். 1.5 டிஎஸ்ஐ 150 பிஎஸ், 250 நியூட்டன் மீட்டர். 1.5ல ஆட்டோமேட்டிக்னு அவங்க குடுத்து பழகினது டிக்யூ 200ங்கற ஏழு கியர் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக். அந்த கியர்பாக்ஸ டிசைன் பண்ணதே 250 நியூட்டன் மீட்டருக்குத்தான். அதாவது ஷோரூம்லேருந்து வெளிய வர்றப்பவே அது கூரைய தொட்டுக்கிட்டு நிக்குது, ஒரு இன்ச் இடம் இல்ல. அதுல ஸ்டேஜ் 1 போட்டு 300ஐ தாண்ட வச்சா எஞ்சின் ஜோரா இழுக்கும், அடி வாங்கறது எண்ணெயில்லாம காத்துல ஓடற அந்த ட்ரை கிளட்ச்தான். அதே எஞ்சின் மேனுவல்னா கணக்கு வேற, கிளட்ச் பிளேட் போனா செலவு ஆயிரக்கணக்குல முடியும், லட்சத்துக்குப் போகாது. பழைய போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஐயும் இதே டிக்யூ 200தான், ஆனா அது 175 நியூட்டன் மீட்டர்ல வந்ததால மேல இடம் இருந்துச்சு, அதனாலதான் அந்த வண்டி ட்யூன் பண்றவங்க மத்தில அவ்ளோ பேர் வாங்குச்சு. ஆக உங்க வண்டி எதுவா இருந்தாலும் கியர்பாக்ஸ் பேர கண்டுபிடிங்க, அதோட டார்க் எல்லைய தேடுங்க, ஸ்டாக் டார்க்க, அதாவது கம்பெனி குடுத்த டார்க்க அதுலேருந்து கழிங்க. மிச்சம் வர்ற நம்பர்தான் நீங்க பேரம் பேச வேண்டிய இடம். ட்யூனர்கிட்ட "டார்க்க இதுக்கு மேல விடாதீங்க, மேல் ஆர்பிஎம்ல மட்டும் பவர குடுங்க"ன்னு கேக்கலாம், நல்ல ட்யூனர் சந்தோஷமா செய்வார். மாட்டேன்னு சொன்னா ரெடிமேட் ஃபைல்தான் வச்சிருக்கார்னு புரிஞ்சுக்கலாம்.

டீலர் எப்படி கண்டுபிடிப்பாங்க? பல இசியூல எத்தனை வாட்டி ஃபைல் எழுதினாங்கன்னு ஒரு கவுன்டர் ஏறும், கம்பெனி ரெக்கார்ட்ல ரெண்டு, இசியூல நாலுன்னா பதில் சொல்ல வேண்டியது நீங்க. ஸ்டாக் ஃபைல திரும்ப எழுதினா அதுவும் ஒரு எண்ணிக்கை தான், குறையாது, கூடும். அப்பறம் ஃபைலோட சரிபார்ப்பு நம்பர கம்பெனி சர்வரோட ஒப்பிட்டுப் பாக்கறது. ஃபோக்ஸ்வாகன் குரூப்ல டயக்னாஸ்டிக் மெஷின் ஆன்லைன்ல போய் இந்த சேஸிஸ் நம்பருக்கு இந்த சாஃப்ட்வேர்தானான்னு கேக்கும், அமெரிக்கால இப்படி மாட்டின வண்டிக்கு டிடி 1னு ஒரு குறி போட்டுடுவாங்க, அப்பறம் நாட்டுல எந்த டீலர்கிட்ட போனாலும் அந்த குறி தெரியும். புது பாஷ் இசியூங்க பூட்டு போட்டு வருது, ஸ்கேனர் சொருகற ஓபிடி போர்ட் வழியா சில சமயம் எழுத முடியாம இசியூவ கழட்டி மேஜைல வச்சுத் தொறப்பாங்க, அந்த மூடிய ஒட்டியிருக்கற சீலன்ட்ட பிரிச்சு ஒட்டினா கண்ணுலயே தெரியும். சாதாரண ஆயில் சர்வீஸ்ல இதெல்லாம் யாரும் தேட மாட்டாங்க. பெரிய தொகைக்கு கிளெய்ம் போறப்பதான் தேடுவாங்க, அதாவது உங்களுக்கு வாரண்டி ரொம்ப தேவைப்படற அன்னிக்குத்தான்.

சட்டம் பத்தி. யூடியூப்ல அமெரிக்காகாரங்க "டீலர்தான் நிரூபிக்கணும்"னு சொல்றது 1975ல அங்க வந்த மேக்னசன் மாஸ் வாரண்டி சட்டத்த வச்சு. அது அங்கதான், இங்க செல்லாது. அங்கயே கூட ட்யூனாலதான் போச்சுன்னு காட்டிட்டா கிளெய்ம் கிடையாது. நம்ம நாட்டுல வாரண்டி புக்ல என்ன எழுதியிருக்கோ அது உங்களுக்கும் கம்பெனிக்கும் ஒப்பந்தம், அதுல எதெல்லாம் சேராதுங்கற பக்கத்துல அனுமதியில்லாத மாற்றம்னு ஒரு வரி அனேகமா இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு கம்பெனி குறிப்பிட்டதுக்கு மாறா வண்டிய மாத்தறத தடுக்குது, 2019 ஜனவரில உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியா சொல்லிருச்சு. அதே வருஷம் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல அனுமதிக்காத மாற்றத்துக்கு ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் கூட குடுக்கலாம். இன்ஷூரன்ஸ்லயும் மாற்றம் பண்ணத சொல்லணும், சொல்லாம விட்டா சொந்த வண்டி சேதத்துக்கான கிளெய்ம்ல கேள்வி வரும். சொன்னா பிரீமியம் கொஞ்சம் ஏறலாம், ஏறட்டும்.

சரி, இவ்ளோவும் தெரிஞ்சும் போடணும்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா இப்படி போங்க.

முடிஞ்சா வாரண்டி முடியற வரைக்கும் காத்திருங்க, இது தான் என் மொத ஆலோசனை, ரெண்டாவதும் இதுதான். காத்திருக்க முடியலன்னா வண்டியோட ரொம்ப விலையான மூணு பார்ட் எதுன்னு பாருங்க, டர்போ, கியர்பாக்ஸ், டீசல்னா இன்ஜெக்டர். அதுல ஒண்ணோட விலைய எடுத்து தனியா பேங்க்ல போட முடியுமான்னு கேட்டுக்கோங்க. முடியாதுன்னா பெடல் பாக்ஸோட நிறுத்துங்க, தயவுசெஞ்சு. எக்ஸ்டென்டட் வாரண்டிக்கு காசு கட்டிட்டு அடுத்த வாரமே ரீமேப் போடறவங்கள பாத்திருக்கேன், கட்டின காசுல எஞ்சின், கியர்பாக்ஸுக்கான பங்கு வீணாகிடும்.

போடறதுக்கு முன்னாடி கம்பெனில பாக்கி இருக்கற சாஃப்ட்வேர் அப்டேட், ரீகால் எல்லாத்தையும் முடிச்சுடுங்க, ஏன்னா அப்டேட் வந்தா உங்க ட்யூன் மேல ஏறி எழுதிடும், காசு போச்சு. ஸ்பார்க் பிளக், காயில், பூஸ்ட் ஹோஸ் லீக், ஆயில் கன்சம்ப்ஷன் இதெல்லாம் பாத்து ஸ்டாக் வண்டி நல்லா இருக்கான்னு உறுதி பண்ணுங்க. சளி புடிச்ச எஞ்சின்ல ட்யூன் போட்டா சளி நிமோனியா ஆகும். ஸ்டாக்ல ஒரு டைனோ ரன் (பவர அளக்கற மெஷின்ல ஓட்டிப் பாக்கறது) எடுத்து வைங்க, பின்னாடி ஏறின பவர் நெஜமான்னு பாக்க அதுதான் ஆதாரம்.

ட்யூனர்கிட்ட கேக்க வேண்டியது, என் ஒரிஜினல் ஃபைல் ஒரு காப்பி பென் டிரைவ்ல வேணும். நிறைய இடத்துல முன்னாடி நிக்கறவர்கிட்ட இருக்கறது ஸ்லேவ் டூல், ஃபைல் எழுதறவர் வேற ஊர்ல இருப்பார், பூட்டின ஃபைல்தான் போய் வரும், அதனால இத மொதல்லயே பேசிடுங்க. ஃபைல் எந்த ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதினது, 95ஆ 100ஆ? 100 ஆக்டேன் பெட்ரோல் எல்லா பங்க்லயும் கிடைக்காது, ஊருக்குப் போற வழில ஏதோ ஒரு பங்க்ல சாதா பெட்ரோல் போட்டு மலை ஏறினா எஞ்சின் நாக் அடிக்கும், அதாவது உள்ள பெட்ரோல் ஒழுங்கில்லாம வெடிச்சு தட்டும். அதனால எப்பவும் கிடைக்கற பெட்ரோலுக்கு எழுதச் சொல்லுங்க, நாலு பிஎஸ் கம்மியானா பரவால்ல.

ஃபைல் எழுதற அன்னிக்கு பக்கத்துலயே நில்லுங்க. பேட்டரில சார்ஜர் மாட்டியிருக்கணும், வோல்டேஜ் 13 பக்கத்துல நிக்கணும், ஹெட்லைட், ஏசி ஃபேன், ஸ்டீரியோ எல்லாம் ஆஃப். ஸ்க்ரீன்ல கோடு ஊர்ந்து போயிட்டிருக்கறப்ப பேட்டரி இறங்கினா இசியூ பாதி எழுதின நிலைல செத்துப் போயிடும், அப்பறம் அத எழுப்ப தனி வைத்தியம். கதவ தொறந்து மூடினா கூட சில வண்டில ஃபேன், பம்ப்னு ஏதாவது முழிச்சுக்கும், அதனால யாரையும் உள்ள ஏற விடாதீங்க, குழந்தைங்கள முக்கியமா. என் வண்டிக்கு படிக்கறதும் எழுதறதும் சேத்து முக்கால் மணி நேரம் ஆச்சு, கைய கட்டிக்கிட்டு வோல்டேஜ் நம்பரையே பாத்துக்கிட்டு நின்னேன்.

போட்ட அப்பறம் ஒரு லாக், அதாவது ஓட்டறப்ப வர்ற சென்சார் நம்பரோட பதிவு, எடுக்கச் சொல்லுங்க. மூணாவது கியர்ல முழுசா மிதிச்சு ஓட்டி, நாக் வந்து ஸ்பார்க் பின்னாடி போகுதா, கேட்ட பூஸ்டும் கிடைச்ச பூஸ்டும் ஒண்ணா இருக்கான்னு பாக்கணும். ஆயில 15 ஆயிரம் கி.மீ.க்கு ஒருவாட்டி மாத்தணும்னு கார் கம்பெனி சொல்லியிருந்தா நீங்க 7,500ல மாத்துங்க, பிளக்கும் சீக்கிரம் மாத்துங்க.

சர்வீசுக்கு விடறப்ப ஜாப் கார்டுல "என்கிட்ட கேக்காம சாஃப்ட்வேர் அப்டேட் போட வேண்டாம்"னு எழுதச் சொல்லி கையெழுத்து போடுங்க. ட்யூன் இருக்கான்னு நேரா கேட்டா இருக்குன்னு சொல்லிடுங்க. பொய் சொல்லி மாட்டினா, ட்யூனுக்கு சம்பந்தமே இல்லாத கிளெய்மையும் சந்தேகத்தோட பாக்க ஆரம்பிப்பாங்க.

சம்பந்தமே இல்லாதத ரிஜெக்ட் பண்ணா மட்டும் விடாதீங்க. ட்யூன் போட்டுட்டீங்கங்கறதுக்காக பவர் விண்டோ மோட்டாரும் சன்ரூஃப்பும் டச் ஸ்க்ரீனும் வாரண்டிலேருந்து போகணும்னு அவசியமில்ல. ரிஜெக்ட்டுக்கு காரணத்த எழுத்துல கேளுங்க, எந்த டேட்டாவ வச்சு முடிவு பண்ணாங்கன்னு ரிப்போர்ட் காப்பி கேளுங்க, வாய்ல சொன்னத நம்பி வீட்டுக்கு வராதீங்க. கம்பெனி கஸ்டமர் கேருக்கு மெயில் போடுங்க, பதில் சரியில்லன்னா தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915, அதுக்கும் மேல மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்க குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் அங்கயே கேஸ் போடலாம், பிரச்சினை வந்த தேதிலேருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள. இதுக்கெல்லாம் ஆதாரம் ஜாப் கார்டு, மெயில், சர்வீஸ் பில்லுதான், அதனால ஒண்ணையும் தூக்கிப் போடாதீங்க. என் சகலை கேஸ்ல கியர்பாக்ஸுக்கு ஒண்ணும் பண்ண முடியல, அவரே கட்டினார். ஆனா அதே சமயத்துல ஏசி கம்ப்ரஸரையும் வாரண்டில தர மாட்டோம்னு சொன்னாங்க, எழுத்துல காரணம் கேட்டு ரெண்டு மெயில் போட்ட அப்பறம் அத மட்டும் ஃப்ரீயா மாத்திக் குடுத்தாங்க.

வண்டிய விக்கறப்ப ஸ்டாக் ஃபைல திரும்ப எழுதிடுங்க, ஆனா ட்யூன் இருந்துச்சுன்னு வாங்கறவர்கிட்ட சொல்லிடுங்க, அவர் மிச்ச வாரண்டிய நம்பித்தான் விலை பேசுவார். அந்த ஒரிஜினல் ஃபைல் இருக்கற பென் டிரைவ ஆர்சியோட சேத்து ஒரே கவர்ல போட்டுக் குடுங்க.